குழாய் அடைப்பில் தொடங்கிய ஆராய்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணா-கோதாவரி படுகையின் கடலடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேன் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்த பொருள்) பற்றி உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். 2006-இல் ஜாய்டீஸ் ரெசல்யூஷன் கப்பல் வந்து துளையிட்டது, ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் படிவு தட்டுப்பட்டது, 2015-இல் ஜப்பானின் சிக்யூ கப்பல் வந்தது எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் 164 கன மீட்டர் வாயு வரும் என்ற கணக்கும் சரிதான்.

எனக்கு ஒப்பாதவை இரண்டு இடங்கள். முதல் பத்தியில் இதை "அண்மைக்காலம் வரை அறிவியல் உலகமே அறியாத பொருள்" என்கிறது கட்டுரை. கடைசிப் பத்தியில், நம் பொறியியல் பேராசிரியர்கள் முன்னணி ஆராய்ச்சிக்கு வராததற்குப் பல நூறு கோடி ரூபாய் ஆய்வகம் இல்லாததே காரணம் என்கிறது. எரிவாயு ஆலைகளில் பிராசஸ் பொறியாளராகக் காலம் தள்ளியவன் நான். இந்த இரண்டுக்கும் பதிலாக ஒரே ஒரு மனிதரின் வேலையைச் சொன்னால் போதும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் பொறியியல் பேராசிரியராக இருந்த டொனால்ட் காட்ஸ். ஹைட்ரேட் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதிவிட்டு அவர் பெயரை விட்டது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஹைட்ரேட் புதுச் சரக்கே அல்ல. குளோரினும் தண்ணீரும் சேர்ந்து உறைவதை 1811-இலேயே ஹம்ஃப்ரி டேவி எழுதிவைத்தார். அதில் தண்ணீர் எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று 1823-இல் ஃபாரடே அளந்தார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அது ஆய்வகத்து வேடிக்கையாகவே கிடந்தது. அதனால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அமெரிக்காவில் எரிவாயுவை அதிக அழுத்தத்தில், நெடுந்தூரக் குழாய்களில் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் வம்பு வந்தது. குளிர்காலத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் வெப்பநிலை பூஜ்யத்துக்கு நன்றாக மேலே இருக்கும்போதும் அடைத்தது. டெக்சாஸ் பக்கம் ஓர் எரிவாயுக் கம்பெனியில் வேலை பார்த்த ஹேமர்ஷ்மிட் என்பவர் 1934-இல் விஷயத்தை உடைத்தார்: அடைப்பது வெறும் பனிக்கட்டி இல்லை, ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்டுகின்றன. மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் எது கிடைத்தாலும் உள்ளே பிடித்துப்போட்டு உறைகின்றன. அழுத்தம் கூடக் கூட, அதிக வெப்பநிலையிலேயே அது நடந்துவிடும்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் குழாய் போடுகிறவனுக்குக் காரணம் மட்டும் போதாது. இந்த வாயு, இந்த அழுத்தம், எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் அடைக்கும்? அதற்கு எண் வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்தவர்தான் காட்ஸ்.

1907-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தவர். 1933-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் ஆட்டிப்படைத்த வருஷம் அது. ஓக்லஹோமாவில் பார்ட்லஸ்வில் என்ற ஊரில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியில் வேலைக்குப் போனார். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் வாயுவும் திரவமும் எந்த அழுத்தத்தில் எப்படிப் பிரிகின்றன என்பதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. மூன்று வருஷம் கழித்து, 1936-இல், உதவிப் பேராசிரியராகப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1977-இல் ஓய்வுபெறும் வரை அங்கேதான். அந்த மூன்று வருஷத்தில் பார்த்த சிக்கல்களை வைத்துக்கொண்டுதான் அடுத்த நாற்பது வருஷமும் அவர் ஆராய்ச்சி செய்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ரொம்ப மிகை இல்லை.

ஹைட்ரேட்டையே எடுத்துக்கொள்வோம். வில்காக்ஸ், கார்சன் என்ற இரண்டு மாணவர்களோடு உயரழுத்தக் கலத்தில் எரிவாயுக் கலவைகளையும் தண்ணீரையும் அடைத்து, எந்த இடத்தில் ஹைட்ரேட் தோன்றுகிறது, எந்த இடத்தில் கரைகிறது என்று பார்த்தார். 1941-இல் ஒரு கட்டுரை, 1942-இல் ஒன்று. ஹைட்ரேட்டின் கட்டமைப்பு அப்போது யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே படங்கள் வந்து, கூண்டுகளின் வடிவம் தெளிவாக இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. வான் டெர் வால்ஸ், பிளாட்டீயூ இருவரின் முறையான கோட்பாடு 1959-இல்தான் வந்தது. காட்ஸ் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வாயுவும் ஹைட்ரேட்டுக்குள் எந்த விகிதத்தில் போகிறது என்று அளந்து, எண்ணெயும் வாயுவும் பிரிவதைக் கணக்கிட எல்லோரும் ஏற்கெனவே பயன்படுத்திவந்த முறையிலேயே இதையும் கணக்கிட வழி செய்தார். தத்துவம் பின்னால் வரட்டும், கணக்கு இப்போது ஓடட்டும் என்பதுதான் அவர் போக்கு.

1945-இல் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். வாயுவின் முழுச் சேர்மான விவரம்கூட வேண்டாம். காற்றோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கனம் என்று மட்டும் தெரிந்தால் போதும். நாங்கள் கிராவிட்டி என்போம். ஒரே தாள், கீழே வெப்பநிலை, பக்கவாட்டில் அழுத்தம், நடுவே கிராவிட்டிக்கு ஒன்றாகச் சில கோடுகள். 0.6 கிராவிட்டி வாயு, 70 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்றால் விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்: சுமார் 16 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே தண்ணீரோடு போனால் வம்பு. புரோப்பேன் ஒரு சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரேட் கட்டத் தேவையான அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும் என்பதும் அந்தக் கோடுகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கனமான வாயுவின் கோடு அபாயப் பக்கம் தள்ளி இருக்கும். அதே கட்டுரையில் இன்னும் சில படங்கள்: வாயுவை வால்வு வழியாக அழுத்தம் இறக்கும்போது, எதுவரை இறக்கினால் அடைக்காது என்று.

இந்தக் கடைசி வகைப் படத்தின் அருமை என்னைப்போல் வெயில் ஊரில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மயிலாடுதுறைப் பக்கத்தில் ஹைட்ரேட் என்றால் சிரிப்பார்கள். ஆனால் கிணற்றிலிருந்து 120 பார் அழுத்தத்தில் வரும் வாயுவைச் சோக் வால்வில் (வழியைக் குறுக்கி அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) 45-க்கு இறக்கினால், ஒவ்வொரு பாருக்கும் ஏறத்தாழ அரை டிகிரி வீதம் அது குளிர்ந்துகொண்டே போகும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். சோக்குக்கு அந்தப் பக்கம் குழாய்மேல் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருக்கும். அதனால்தான் சோக்குக்கு முன்னால் ஹீட்டர் வைத்து வாயுவைச் சூடாக்கிவிட்டு அழுத்தத்தை இறக்குவார்கள்.

காவிரிப் படுகையில் ஒரு நிலையத்தில் (எது என்று வேண்டாம்) நான் சின்ன வயதில் இருந்தபோது, ராத்திரி ஷிஃப்டில் ஹீட்டரின் பைலட் (எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர்) அணைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மேல்பக்க அழுத்தம் ஏறுகிறது, கீழ்ப்பக்கம் இறங்குகிறது, மீட்டரில் முள் படுத்துவிட்டது. சோக்குக்குப் பின்னால் இருந்த வளைவில் அடைப்பு. கோணிச் சாக்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றுகிறார்கள். ஊற்றிய இடத்தைத் தவிர வேறெங்கும் இளகவில்லை. கீழ்ப்பக்கத்தைச் சட்டென்று ஃபிளேருக்கு (உபரி வாயுவை எரித்துவிடும் குழாய்) திறந்து இழுத்துவிட்டால் கழன்று வந்துவிடும் என்று ஷிஃப்டுக்குப் பொறுப்பான அதிகாரி வால்வுப் பக்கம் போனார். எங்கள் மூத்த ஆபரேட்டர் குறுக்கே வந்து நின்றுகொண்டார். "சார், ஒரு பக்கம் மட்டும் தொறக்காதீங்க. உள்ள இருக்கறது கழண்டுச்சுன்னா எல்போவப் பிச்சிக்கிட்டுப் போயிடும். ரெண்டு பக்கமும் சேத்து மெதுவா எறக்கணும். படக்குன்னு எறக்குனாலும் வேலைக்காவாது, நெசமாவே ஐஸாப் போயிடும்."

அவர் பத்தாவது வரை படித்தவர். ஆனால் சொன்னது அத்தனையும் சரி. அடைப்பின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் இருந்தால், கழன்ற கட்டி குழாய்க்குள் பறக்கும். உலகின் பல இடங்களில் ஆட்கள் இதில் செத்திருக்கிறார்கள். ஹைட்ரேட் கரையும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். அழுத்தத்தைத் திடீரென்று இறக்கினால் வெளிவரும் தண்ணீர் அசல் பனிக்கட்டியாக இறுகிவிடும். விடிய விடிய இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். மெத்தனாலும் செலுத்தினோம். தண்ணீரில் எடைக்கு 20 சதவீதம் மெத்தனால் கலந்திருந்தால் ஹைட்ரேட் கட்டும் வெப்பநிலை சுமார் 10 டிகிரி இறங்கும். இதற்கான சூத்திரம் ஹேமர்ஷ்மிட் கொடுத்தது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

காலையில் கண்ட்ரோல் ரூம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஜெராக்ஸ் தாளை அந்த ஆபரேட்டர்தான் எனக்குக் காட்டினார். நகல் எடுத்து நகல் எடுத்து மங்கிப்போன காட்ஸ் சார்ட். 45 பாரில் எங்கள் வாயுவுக்கு 14 டிகிரி வாக்கில் என்று பென்சிலில் கோடு போட்டிருந்தார்கள். அழுத்தத்தையோ கிராவிட்டியையோ மாற்றிப் பேச வேண்டியிருந்தால், பஞ்சாங்கம் பார்ப்பது போல முதலில் அதைத்தான் எல்லோரும் எட்டிப்பார்ப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில் ஒரு பேராசிரியர் தன் மாணவர்களோடு அளந்த கோடு, ஒரு டெல்டா கிராமத்து ஆபரேட்டரின் பென்சில் வரைக்கும் வந்திருக்கிறது. எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை அந்தத் தூரம் போகும்?

சார்ட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே கிராவிட்டி உள்ள இரண்டு வாயுக்களின் சேர்மானம் வேறாக இருந்தால் விடை நிறையவே விலகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமுள்ள வாயு என்றால் அந்தத் தாளை நம்பி உட்காரக் கூடாது. இன்று கணிப்பொறியில் இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் சொல்லும் எண் அசட்டுத்தனமாக இருக்கிறதா என்று சரிபார்க்க இன்னமும் பழைய தாளைத்தான் எடுக்கிறோம்.

காட்ஸ் பேரில் இதைவிடப் பிரபலமான இன்னொரு சார்ட் உண்டு. மார்ஷல் ஸ்டாண்டிங் என்ற மாணவரோடு சேர்ந்து 1942-இல் வெளியிட்டது. பெட்ரோலியப் பொறியியல் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்டாண்டிங்-காட்ஸ் என்று சொல்வார்கள். பள்ளியில் படிக்கும் பாயில் விதி அதிக அழுத்தத்தில் பொய்த்துப்போகும். 0.65 கிராவிட்டி உள்ள வாயு 100 பார், 40 டிகிரியில் இருந்தால், விதி சொல்வதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிக வாயு அந்த இடத்தில் அடங்கியிருக்கும். பூமிக்கடியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று மதிப்பிடுகிறவனுக்கும், குழாயில் போவதை அளந்து காசு வாங்குகிறவனுக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்கு விளையாட்டு இல்லை. அதைத் திருத்தும் எண்ணை எந்த எரிவாயுவுக்கும் ஒரே படத்தில் படித்துக்கொள்ளும்படி இருவரும் செய்தார்கள். கணிப்பொறிக் காலம் வந்ததும் அந்தப் படத்தைத் தூக்கிப்போட்டுவிடவில்லை. 1970-களில் வந்த சமன்பாடுகள் பலவும் அதே கோடுகளின் புள்ளிகளைப் படித்து எடுத்து, அவற்றுக்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டவைதான். ஆக, இன்றைக்கு ஒரு பையன் மடிக்கணினியில் தட்டி எடுக்கும் விடைக்குள்ளும் 1942-ஆம் வருஷத்துத் தாள் உட்கார்ந்திருக்கிறது.

1959-இல் காட்ஸும் அவருடைய மாணவர்களும் சகாக்களுமாக ஏழு பேர் சேர்ந்து எழுதிய எரிவாயுப் பொறியியல் கையேடு வெளிவந்தது. அதே வருஷம் அவர் அமெரிக்க கெமிக்கல் பொறியாளர்கள் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 1951-இலிருந்து 1962 வரை துறைத் தலைவர் வேலையும் தலையில் இருந்தது. கையேடு எழுதிய ஏழு பேரில் ரிக்கி கோபயாஷி என்ற ஒருவர் பின்னாளில் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் பெரிய ஆளாக வந்தார். கிணறு, சேமிப்பு, குழாய், உலர்த்துதல், பிரித்தல் என்று எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்த அந்தக் கையேட்டின் சுமை பெரிது. ஒரு கையால் தூக்கிப் படிக்க முடியாது.

நடுவில் ஒரு விஷயம். 1959 வாக்கில், பொறியியல் மாணவர்களுக்குக் கணிப்பொறி கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்து மிச்சிகனில் ஒரு திட்டம் நடந்தது. பல கல்லூரி ஆசிரியர்களை அங்கே வரவழைத்துப் பழக்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவரும் காட்ஸ்தான். தாளில் கோடு போட்டுப் பெயர் வாங்கிய ஐம்பது வயதுக்காரர், அந்தக் கோட்டை ஒழிக்க வந்த இயந்திரத்தைத் தானே வகுப்பறைக்குள் அழைத்துவந்தார். நம்மூரில் பெயர் வாங்கிய ஆட்கள் பொதுவாக அதைச் செய்யமாட்டார்கள்.

எண்ணூரில் 2019-இல் எல்என்ஜி முனையம் வந்திருக்கிறது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய மீத்தேனைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அந்தத் துறையிலும் காட்ஸின் கை உண்டு. 1960-களில் அபாயகரமான சரக்குகளைக் கடலில் கொண்டுபோவது குறித்து அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கு ஆலோசனை சொல்ல தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். 1970-இல் அமெரிக்கச் சுரங்கத் துறை, எல்என்ஜி தண்ணீரில் கொட்டினால் என்ன ஆகும் என்று சோதித்தபோது, தீ எதுவும் இல்லாமலேயே படார் என்று வெடித்தது. எரியாமல் எப்படி வெடிக்கும்? ஆளாளுக்குக் குழம்பினார்கள். காட்ஸும், மிச்சிகனில் படித்து ஓக்லஹோமாவில் பேராசிரியராக இருந்த ஸ்லீப்செவிச்சும் 1971-இல் விளக்கம் எழுதினார்கள். தண்ணீரைத் தொடும் மெல்லிய அடுக்கு, கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்கத் தொடங்காமல் சூடேறிக்கொண்டே போகிறது. ஓர் எல்லைக்கு மேல் அதனால் திரவமாக இருக்கவே முடியாது. ஒரே நொடியில் அத்தனையும் வாயுவாகிவிடுகிறது. வேதிவினை எதுவும் இல்லை, அத்தனையும் இயற்பியல். குழாய்க்குள் திரவமும் வாயுவும் எப்போது எப்படி மாறும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர் கண்ணுக்கு இது தட்டுப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் கட்டுரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம் இனிமேல்தான் வருகிறது. அதே 1971-இல், உறைந்த எரிவாயு வயல்கள் பூமியில் எவ்வளவு ஆழம் வரை இருக்கலாம் என்று காட்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பே கிட்டத்தட்ட அதுதான். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், ஹைட்ரேட் கட்டும். ஆனால் பூமியின் சூடும் கூடும், ஹைட்ரேட் கரையும். இரண்டும் சந்திக்கும் இடம் எங்கே? குழாய் அடைப்புக்காக 1945-இல் போட்ட கோட்டை எடுத்துத் தரைக்கு அடியில் இருக்கும் வெப்பநிலைக் கோட்டின்மேல் வைத்தால் விடை வந்துவிடும். வட துருவப் பக்கத்து நிரந்தர உறைபனிப் பிரதேசங்களை மனதில் வைத்துத்தான் அவர் எழுதினார். ஆனால் இன்று கிருஷ்ணா-கோதாவரியில் எந்த ஆழத்தில் துளையிடுவது என்று போடும் கணக்கும் அடிப்படையில் அதே கணக்குத்தான். தொல்லை என்று அளந்த பொருள், சுமார் முப்பது வருஷத்தில் அவர் கையிலேயே சொத்துக் கணக்காக மாறியது.

தொல்லை ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்துக்குப் பிறகு, கசியும் கிணற்றின்மேல் பெரிய இரும்புக் கூடு ஒன்றை இறக்கினார்கள். 1,500 மீட்டர் ஆழம், ஐந்து டிகிரி வாக்கில் குளிர், 150 பார் அழுத்தம். கூட்டுக்குள் ஹைட்ரேட் கட்டி, வாயையும் அடைத்து, கூட்டையே மிதக்கவைக்கப் பார்த்தது, முயற்சி தோற்றது. எங்கள் கண்ட்ரோல் ரூம் தாளில் அந்தப் புள்ளியை வைத்திருந்தால் ஹைட்ரேட் பக்கத்துக்குள் வெகு தூரம் போய் உட்கார்ந்திருக்கும். காட்ஸ் அப்போது உயிரோடு இல்லை, 1989-இல் காலமாகிவிட்டார்.

1982-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. நடைமுறைப் பொறியியல் சிக்கல்களைப் பல அறிவியல்களுக்குள் புகுந்து தீர்த்தவர் என்ற பொருளில் பாராட்டுரை இருந்தது. பொறியியல்காரருக்கு அறிவியல் பதக்கம். அதுவும் குழாய் அடைப்பு வேலைக்கு. ஓய்வுபெற்ற மறு வருஷம், 1978-இல், ஃபிரூசாபாதி என்பவரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை எண்ணெய்-வாயுச் சமநிலைக் கணக்கு போடுகிறவர்கள் இன்னும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். ஆய்வகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டட்டும். ஆனால் பேராசிரியர்கள் முன்வராததற்கு அதுவா காரணம்? எங்கள் ஆலையில் வாயுவை உலர்த்தும் கிளைகால் என்ற திரவம் ஓயாமல் நுரைத்துத் தொல்லை கொடுத்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு மாதிரி பாட்டிலையும் லாக் புக் நகலையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆலைக்கு வந்து பாருங்கள், மாணவர்களையும் கூட்டிவாருங்கள், வண்டி நாங்கள் அனுப்புகிறோம் என்றேன். துறைத் தலைவர் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதுல பேப்பர் வருமா சார்?"

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணி மதிப்பெண் போடும் முறையை 2010-இல் யுஜிசி கொண்டுவந்தது. நுரைத்த கிளைகாலுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. காட்ஸின் ஆரம்ப காலத்து அளவீடுகளையும் இன்று ஒரு குழு முன்னால் வைத்தால், இதில் புதிய கோட்பாடு எங்கே என்று கேட்பார்கள் என்றே நினைக்கிறேன். முனைவர் பட்டத்துக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்கும் நடுவில் மூன்று வருஷம் ஆலையில் இருந்தவர்களுக்கு நம்முடைய நேர்முகத் தேர்வுகளில் என்ன மரியாதை என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால், ஆய்வகச் செலவுக் கணக்கைவிட அது உபயோகமாக இருக்கும். இந்த மாதிரி விசாரணை ஒன்றுக்கு ஆலைப் பக்கத்து விவரம் வேண்டுமானால் நான் தரத் தயார்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு திருத்தம். ஹைட்ரேட்டை நிலக்கரி போல "வெட்டி மேலே கொண்டுவருவார்கள்" என்று படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. வெட்ட மாட்டார்கள். கிணறு தோண்டி, தண்ணீரை இறைத்து, அடியில் அழுத்தத்தைக் குறைப்பார்கள்; ஹைட்ரேட் இருந்த இடத்திலேயே கரைந்து வாயுவாக மேலே வரும். எங்கள் சோக்கில் ராத்திரி முழுக்கச் செய்த அதே வேலைதான், கடலுக்கு அடியில். 2013-இல் ஜப்பான் தன் கடலில் இப்படித்தான் எடுத்துப் பார்த்தது. ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் புகுந்து நிறுத்தவேண்டி வந்தது. சீனா 2017-இல் அறுபது நாள் ஓட்டியது. மணலை எப்படித் தடுப்பது, கரையும்போது குளிர்ந்து மறுபடி உறைவதை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் இன்னும் முழுக்கத் தீராத விஷயங்கள். தொழில்நுட்பம் தயார், பணம் மட்டும்தான் பாக்கி என்று இரண்டாம் பகுதியிலும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எரிவாயு ஆலைப் பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்.